பனி ஒன்றல்ல: காவேரிப்பட்டணத்திலிருந்து மணாலிக்கு, அந்த ஊருக்கு ஆகாத காரில்

எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. தெற்கே திரும்பினால் தர்மபுரி, தொப்பூர், சேலம், கடைசியில் கன்னியாகுமரி. வடக்கே திரும்பினால் கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், டெல்லி, கடைசியில் ஸ்ரீநகர். போன டிசம்பர் கடைசியில் நான், மனைவி, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையன் மூவரும் அந்த ரோட்டைப் பிடித்து அம்பாலா வரை போய், அங்கிருந்து பிரிந்து கீரத்பூர், மண்டி, குலு வழியாக மணாலி போய்ச் சேர்ந்தோம். சுமார் 2,700 கிலோமீட்டர், ஐந்து நாள். அதுவரை ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு 66,800 ரூபாயும் ஆறு நாள் லீவும் போயின. அதைவிட, பையனைப் பின்சீட்டில் கம்பளியில் சுற்றி வைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் பயந்து உட்கார்ந்திருந்தேன். அந்த பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. கிளம்பும் முன் யாராவது உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. நம் பக்கத்திலிருந்து இப்போது நிறைய பேர் சொந்தக் காரிலேயே வடக்கே போகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. மார்கழிக் காலையில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் படர்வதும் பனி, புல்லில் நிற்பதும் பனி, மணாலியில் கொட்டுவதும் பனி என்று நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். டயருக்கு அது ஒன்றல்ல, நாலு. புதிதாக விழுந்த பனி, சலித்த ராகி மாவு மாதிரி இருக்கும். டயர் அதில் அமுங்கிக் கொஞ்சம் பிடிப்பு கிடைக்கும், ஆனால் ஆழமானால் வண்டியின் அடிவயிறு அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பல வண்டிகள் ஏறி மிதித்து அமுங்கிய பனி அடுத்தது. பார்க்க வெள்ளையாக, உறுதியாக, ரோடு மாதிரியே இருக்கும். பாதி உருகிய சேற்றுப் பனி, கரைத்த களி மாதிரி. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் அதில் இறங்கினால் ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் இழுக்கும். நாலாவது கண்ணாடிப் பனி. உருகிய தண்ணீர் தார்மேல் மெல்லிய ஏடாக உறைந்தது. தாரின் கறுப்பு அப்படியே தெரிவதால் ஈரம் என்று நினைத்துப் போவோம். அதன்மேல் ஓட்டுவது பாசி பிடித்த கிணற்றுப் படியில் இறங்குவது போல. அங்கே நாம் எப்படி உடம்பைத் திருப்பாமல், அவசரப்படாமல், அடி மேல் அடி வைப்போமோ அதே கணக்குதான் இங்கேயும்.

இதை எண்ணில் சொன்னால் இன்னும் உறைக்கும். டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள உராய்வு, காய்ந்த தாரில் ஏறக்குறைய 0.7, நனைந்த தாரில் 0.45, அமுங்கிய பனியில் 0.2, கண்ணாடிப் பனியில் 0.1 அல்லது அதற்கும் கீழே. 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால் காய்ந்த தாரில் 9 மீட்டரில் வண்டி நிற்கும். நனைந்த தாரில் 14 மீட்டர், அமுங்கிய பனியில் 31, கண்ணாடிப் பனியில் 63. இது சமதளத்துக்கு. நூறு அடிக்குப் பத்தடி இறங்கும் சரிவில் உராய்வு 0.1 என்றால், பிரேக்கின் பிடிப்பும் வண்டியைக் கீழே இழுக்கும் விசையும் சமமாகிவிடும். அதாவது எவ்வளவு மெதுவாகப் போனாலும் பிரேக்கால் வண்டி நிற்காது. நான் முதலில் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். 'மெதுவாத்தானே போறோம்' என்பது சரிவில் காப்பாற்றாது. பிடிப்பு இல்லாத சரிவில் இறங்கவே கூடாது. இன்னொன்று, கடும் குளிரில் உறைந்த பனியைவிட, பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி மேலே ஈரம் படிந்திருக்கும் பனிதான் அதிகம் வழுக்கும். வெயில் வந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கும் நேரமே மோசமான நேரம்.

எங்கள் வண்டி பெட்ரோல் செடான், தானாக மாறும் ஏஎம்டி கியர், முன்சக்கரங்களுக்கு இழுவை. தரையிலிருந்து அடிப்பகுதி உயரம் 165 மில்லிமீட்டர். ஆறு அங்குலப் பனியிலேயே பம்பர் கலப்பை மாதிரி பனியைத் தள்ளத் தொடங்கும். முன்சக்கர இழுவை சமதளத்தில் நல்லதுதான், இன்ஜின் பாரம் இழுக்கிற சக்கரத்தின் மேலேயே இருக்கிறது. ஆனால் ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்ந்து முன்சக்கரம் இலேசாகிச் சுழலும். ஏஎம்டியில் உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச், அதை ஒரு மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவுதான். மேனுவல் காரில் சிக்கினால் முன்னே பின்னே என்று ஊஞ்சலாட்டி வெளியே வரலாம். ஏஎம்டியில் ரிவர்ஸ் விழவே ஓரிரு வினாடி ஆகும், அதற்குள் ஆட்டம் நின்றுவிடும். நாலைந்து தடவை முயன்றாலே கிளட்ச் சூடாகிக் கருகல் வாசனை வரும். சக்கரம் சுழன்றால் டிராக்ஷன் கன்ட்ரோல் இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும் என்பதால், மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து வெளியே வர மட்டும் அந்த பட்டனை ஆஃப் செய்து, வந்ததும் மறக்காமல் திரும்ப ஆன் செய்ய வேண்டும். இதுவும் எனக்கு அப்போது தெரியாது.

ஆனால் இழுவையைவிடப் பெரிய விஷயம் டயர். நாம் போட்டிருப்பதெல்லாம் வெயில் காலத்து ரப்பர். 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் கெட்டியாகி, பிளாஸ்டிக் போலாகிவிடும். குளிர் டயர் என்று தனியாக ஒன்று உண்டு. பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனித்துகள் வடிவமும் அச்சிட்டிருக்கும். எம் பிளஸ் எஸ் (M+S) என்று மட்டும் போட்டிருந்தால் அது பட்டன், அதாவது டயர்மேல் இருக்கும் வெட்டு, அமைப்பைப் பற்றிய கம்பெனியின் சொல்தான், பனியில் சோதித்ததற்கான அடையாளம் அல்ல. சாதாரணக் கார்களின் அளவில் குளிர் டயர் நம் ஊர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைக்காது, ஒரு வாரப் பயணத்துக்காக வாங்குவதும் கட்டுப்படியாகாது. என் டயர்கள் 45,000 கிலோமீட்டர் ஓடியவை, பட்டன் ஆழம் 3 மில்லிமீட்டர். சட்டப்படி 1.6 போதும். பனியில் 4-க்குக் கீழே வைத்துக்கொண்டு போகக் கூடாது. ஃபோர்வீல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி ஏறும், நகரும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் அது உதவாது. அதைத் தீர்மானிப்பது டயர் மட்டுமே.

காற்றழுத்தத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. வெப்பம் ஐந்தரை டிகிரி இறங்கினால் டயரில் சுமார் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். நம் ஊரில் 30 டிகிரியில் 33 அடித்துவிட்டு மணாலியின் பூஜ்ஜியத்துக்குப் போனால் ஐந்து, ஐந்தரை குறையும். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அளவுமானியில் இரண்டு ஏறித் தெரியும். ஆக மொத்தம் மூன்றுக்கு மேல் குறைந்திருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து, கார்க் கதவில் ஒட்டியிருக்கும் அளவுக்கே நிரப்ப வேண்டும். காற்றைக் குறைத்தால் பிடிப்பு வரும் என்பது மணலுக்குச் சொன்னது. மலைரோட்டில் அதைச் செய்யாதீர்கள்.

மணாலியில் இறங்கிய மறுநாள் காலை நல்ல வெயில். சோலாங் பள்ளத்தாக்கு போய்விட்டு, முடிந்தால் அடல் சுரங்கத்தைத் தாண்டி சிஸ்ஸு வரை போய் வரலாம் என்று கிளம்பினோம். சுரங்கம் 9.02 கிலோமீட்டர், 3,000 மீட்டருக்கு மேலான உயரத்தில், 2020 அக்டோபரில் திறந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று பையன் வீட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தான். பனி விழும் நாட்களில் நேரு குண்ட், பல்சான் பக்கத்திலேயே போலீஸ் நிறுத்தி, ஃபோர்வீல் வண்டியையும், பிடிப்புக்காக டயரில் சங்கிலி கட்டிய வண்டியையும் மட்டும்தான் மேலே விடுவார்கள். அன்று காலை ரோடு காய்ந்திருந்ததால் எல்லோரையும் விட்டார்கள். விட்டார்கள் என்பதாலேயே போகலாம் என்று நினைத்தது என் தப்பு. காலை ரோடு எப்படி இருந்தது என்பதைக் கேட்டுவிட்டுப் போகக் கூடாது, மாலை நாலு மணிக்கு எப்படி இருக்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். மதியம் ஒன்றரைக்கே தூறல் மாதிரி பனி தொடங்கியது. அந்த நிமிடமே திரும்பியிருந்தால் மூன்று மணிக்கு லாட்ஜில் இருந்திருப்போம். பையன் பனியைப் பிடித்து விளையாடுகிறான், இன்னும் கொஞ்ச நேரம் என்று இரண்டு மணி நேரம் நின்றோம். மூன்றரைக்கு ரோடு முழுக்க வெள்ளை. எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் திரும்பியது.

ரோட்டோரத்தில் ஒரு பையன் சங்கிலி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். 1,500 ரூபாய். அவனே கட்டியும் கொடுத்தான். அளவு என் டயருக்கு ஒன்று பெரியது, அது எனக்குத் தெரியவில்லை. முக்கால் கிலோமீட்டர் போனதும் 'டக் டக்' என்று சக்கரத்துக்குள்ளிருந்து சத்தம். சங்கிலி தளர்ந்து உள்பக்கம் அடித்து, சக்கர மேற்கூட்டின் பிளாஸ்டிக்கைக் கிழித்து, பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸின் சென்சார் வயரை அறுத்திருந்தது. டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. பிரேக் ஓஸில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டேன்.

சங்கிலியை ஊரிலேயே வாங்கிப் பழகிவிட்டுப் போவதுதான் ஒரே வழி. முதலில் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் இடைவெளி போதாத கார்களில், குறிப்பாகப் பெரிய அலாய் வீல் போட்டிருந்தால், சங்கிலி கூடாது என்றே எழுதியிருப்பார்கள். பிறகு டயர் பக்கவாட்டில் இருக்கும் 185/65 ஆர் 15 மாதிரியான எண், சங்கிலிப் பெட்டியில் உள்ள பட்டியலில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து அளவு சரியாக வரும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். எந்தச் சக்கரம் இழுக்கிறதோ அதில்தான் கட்ட வேண்டும், முன்சக்கர இழுவை என்றால் முன்னால் இரண்டிலும். சங்கிலியைத் தரையில் முறுக்கில்லாமல் விரித்து, கொக்கிகளின் கூர்முனை டயரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, டயருக்குப் பின்னால் கொண்டுபோய், உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, அப்புறம் வெளிப்பக்கம், கடைசியில் இறுக்க வேண்டும். ஐம்பது, நூறு மீட்டர் போனதும் நிறுத்தி இறங்கி இன்னொரு தடவை இறுக்குவதுதான் முக்கியம். முதல் சுற்றுகளில் சங்கிலி டயரில் படிந்து கட்டாயம் தளரும். எனக்குக் கட்டிக்கொடுத்தவன் அதைச் சொல்லவில்லை, நானும் செய்யவில்லை. வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது. பனி இல்லாத தார் வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அறுந்து வண்டியைத்தான் அடிக்கும். உள்ளே பஞ்சு வைத்த ரப்பர் கையுறை வேண்டும். கம்பளிக் கையுறை இரண்டு நிமிடத்தில் நனைந்து விரல் மரத்துப்போகும், மரத்த விரலால் அந்தக் கொக்கியை மாட்டவே முடியாது. வீட்டு வாசலில் மூன்று தடவை கட்டிக் கழற்றிப் பழகியவருக்குப் பத்து நிமிட வேலை.

சங்கிலி இல்லாமல் பல்சானை நோக்கி இறங்கினோம். வேகம் 20. முன்னால் ஒரு காருக்கும் எனக்கும் நாலு கார் நீள இடைவெளி. அவர் நின்றார். நான் மிதித்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி சத்தமே இல்லாமல் இறங்கியது. ஒகேனக்கல்லில் பரிசல் சுழலும்போது துடுப்புக்காரர் கையில்தான் எல்லாம் என்று உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரி, ஆனால் இங்கே துடுப்பு என் கையில் இருந்தும் பயனில்லை. மனைவி பையனின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள். நடக்கிற வேகத்தில்தான் போய் இடித்தோம். என் பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் போனது, அவருடைய டிக்கி அமுங்கியது. யாருக்கும் அடி இல்லை. அவருக்கு அங்கேயே 8,000 கொடுத்தேன்.

தொப்பூர் கணவாயில் இருபது வருடம் ஓட்டிய கை என்கிற தைரியம் என்னிடம் இருந்தது. அங்கே கற்றது பாதிதான் இங்கே செல்லும். நியூட்ரலில் இறங்காதே, கீழ் கியரில் இறங்கு என்பது இங்கேயும் சரி. ஆனால் வழுக்குகிற நேரத்தில் திடீரென்று இரண்டிலிருந்து ஒன்றுக்குப் போட்டால், இன்ஜின் இழுப்பே முன்சக்கரத்தைப் பூட்டிவிடும். பிரேக் மிதித்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. சரிவு தொடங்கும் முன்பே, வண்டி கிட்டத்தட்ட நின்ற நிலையில், ஏஎம்டியை மேனுவல் மோடுக்கு மாற்றி ஒன்றில் வைத்து, அந்த கியரிலேயே கடைசிவரை இறங்க வேண்டும். முன்னால் போகும் வண்டி சரிவு முழுக்க இறங்கி முடிக்கும்வரை மேலேயே காத்திருக்கலாம், பின்னால் எத்தனை பேர் ஹார்ன் அடித்தாலும். சக்கரத் தடங்கள் மின்னினால் அவை கண்ணாடியாகிவிட்டன என்று அர்த்தம். ஓரத்தில் மிதிபடாத பனி இருந்தால், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கம் இரண்டு சக்கரத்தை அதில் ஏற்றினால் கொஞ்சம் பிடிப்பு கிடைக்கும்.

ஏபிஎஸ் வேலை செய்யும் வண்டியில் பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதைக்கும். பிரேக் போய்விட்டது என்று பயந்து காலை எடுப்பவர்கள் அதிகம். எடுக்காமல் அழுத்திக்கொண்டு, போக வேண்டிய பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். ஏபிஎஸ் இருப்பது திருப்புவதற்காக, சீக்கிரம் நிற்பதற்காக அல்ல. தளர்வான பனியில் ஏபிஎஸ் உள்ள வண்டி இன்னும் தள்ளியே நிற்கும். என் வண்டி மாதிரி ஏபிஎஸ் போய்விட்டால், மிதித்து விட்டு, மிதித்து விட்டுத்தான் வர வேண்டும், சக்கரம் பூட்டிய நொடியில் ஸ்டீயரிங் செத்துவிடும். முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்காமல் சற்று நேராக்கினால் பிடிப்பு திரும்பும். பின்பக்கம் வெளியே போனால், பின்பக்கம் போகும் திசையிலேயே மெதுவாகத் திருப்ப வேண்டும். பிரேக், திருப்பம், வேகம் மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இதையெல்லாம் இடித்த பிறகுதான் கற்றேன்.

இடித்த இடத்திலிருந்து போக்குவரத்து நகரவில்லை. மாலை ஐந்தரையிலிருந்து இரவு இரண்டரை வரை காரிலேயே இருந்தோம். இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். பனி விழுந்துகொண்டே இருந்தால் பின்னால் இருக்கும் புகைக்குழாய் மூடிக்கொள்ளும். ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விட்டால், வெளியே போக முடியாத புகை தரைவழியாகக் காருக்குள் வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலையில் பனியில் சிக்கிய கார்களுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குளிரோடு இந்தப் புகையும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. நான் அந்தச் செய்தியைப் படித்திருந்தேன், அந்த இரவில் அது ஒன்றுதான் எனக்குத் துணைக்கு வந்தது. ஒவ்வொரு தடவை இன்ஜினைப் போடும் முன்பும் இறங்கிப் போய்க் குழாயைச் சுற்றி ஒரு முழம் அளவுக்குப் பனியைத் தோண்டி எடுத்தேன். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டி, காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தேன். இன்ஜின் ஓடும்போது எல்லோரும் ஒன்றாகத் தூங்கக் கூடாது. சும்மா நிற்கும் பெட்ரோல் கார் மணிக்கு முக்கால் லிட்டர் வரை குடிக்கும், அதனால் மலையில் பாதி டேங்குக்குக் கீழே எப்போதும் இறங்க விடாதீர்கள். எங்களிடம் இருந்தது ஒரு பாக்கெட் பிஸ்கட், அரை பாட்டில் தண்ணீர். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீரும் ஒரு போர்வையும் கூட இருந்திருந்தால் பையன் அழுதிருக்க மாட்டான்.

இரவு மூன்று மணிக்கு லாட்ஜ் சேர்ந்து, அடுத்த நாள் முழுக்க வண்டியைத் தொடவில்லை. அன்று இரவு மைனஸ் 7. அதற்கு மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் பேட்டரி முனகியது. நாலு வருடப் பேட்டரி. உறைநிலையிலேயே பேட்டரி தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும், அதற்குக் கீழே இன்னும். பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினோம். பத்து நிமிடம் ஓடியது. ஹீட்டரைத் திறந்தால் குளிர்காற்று, ஆனால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் அந்த நொடியே இன்ஜினை நிறுத்த வேண்டும். உள்ளே கூலன்ட் உறைந்து ஓட்டம் நின்றுவிட்டது என்று அர்த்தம். நான் நிறுத்தத் தாமதித்தேன். ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி விரிசல் விட்டிருந்தது.

காரணம் நம் ஊர் வெயிலில் தொடங்கியது. மூன்று கோடையாக, கூலன்ட் குறைந்தபோதெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தோம். நமக்கு அது கொதிக்காமல் இருந்தால் போதும். தண்ணீர் உறைந்தால் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும், அந்த விரிவைத் தாங்கும் ரேடியேட்டர் கிடையாது. எத்திலீன் கிளைக்கால் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 37 வரை உறையாது. குலுவில் மெக்கானிக் ஒரு சொட்டை எடுத்துக் கருவியில் பார்த்தபோது என்னுடையது மைனஸ் 3-லேயே உறையும் நிலையில் இருந்தது. வெறும் கூலன்டை மட்டும் நிரப்புவதும் தப்பு, கலக்காத கிளைக்கால் மைனஸ் 13-ஐ ஒட்டியே உறைந்துவிடும். டீசல் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல், கீழே நிரப்பிய டீசலில் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும். லடாக்குக்கென்று மைனஸ் 33 வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது அதனால்தான். மலை ஏறும் முன் டேங்கை முழுக்க நிரப்பாமல், மேலே உள்ள பெட்ரோல் பங்க்குகளில் நிரப்புவது நல்லது.

வைப்பர் தண்ணீரும் வெறும் தண்ணீர்தான், அதுவும் உறைந்திருந்தது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட வைப்பரை அப்படியே ஓட விட்டால் மோட்டார் போகும், இரவில் தூக்கி நிறுத்திவிட வேண்டும். கண்ணாடிமேல் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விழும். பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினாலே போதும். உள்பக்கம் ஆவி படிந்தால் ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள், ஏசிதான் ஈரத்தை இழுக்கும்.

வண்டியை குலுவுக்குக் கிரேனில் இறக்க 7,000. ரேடியேட்டர், கூலன்ட், கூலி 16,400. பம்பரும் ஹெட்லைட்டும் 14,200. சென்சார் வயரும் சக்கர பிளாஸ்டிக்கும் 5,800. பேட்டரி 5,100. பாகம் வரும்வரை நாலு நாள் கூடுதல் அறை வாடகை 8,800. சங்கிலி 1,500, இடித்தவருக்குக் கொடுத்த 8,000. இன்சூரன்ஸில் கேட்டேன். இடித்ததற்குக் கிடைக்கும், ஆனால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பதால் விட்டுவிட்டேன். உறைந்து உடைந்த ரேடியேட்டர் விபத்தில் சேராது, பராமரிப்புக் குறை என்று சொல்லிவிட்டார்கள். மணாலியில் காரை விட்டுவிட்டு, உள்ளூர் டிரைவர் ஓட்டும் சங்கிலி கட்டிய ஃபோர்வீல் வண்டியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தால் இந்த மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. இனி யார் கேட்டாலும் நான் சொல்வது அதைத்தான்.

ஊர் திரும்பியதும் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மிலிட்டரி மாமா வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். லே பக்கம் ராணுவ லாரி ஓட்டியவர். "ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டியா மாப்ள?" என்றார். போட்டேன் மாமா என்றேன். "அங்க போடவே கூடாது. ஈரம் உறைஞ்சு லைனிங் டிரம்மோட ஒட்டிக்கும், காலையில இழுத்தா பிய்ஞ்சிரும். கியர்ல விட்டுட்டு ரெண்டு சக்கரத்துக்கும் கல்லு வை. மூஞ்சி கிழக்கப் பாத்து இருக்கணும், காலை வெயிலு இன்ஜின்ல படட்டும். மரத்தடியில நிறுத்தாத, மேல இருக்கிற பனி மொத்தமா விழும். பாலத்து மேலயும் மலை நிழல் விழுற வளைவுலயும் மத்தியானம்கூட ஐஸ் இருக்கும், அதுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சிரு, மேல போயி பிரேக்க தொடாத." கொஞ்சம் நிறுத்தி, "போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா" என்றார். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஏழாவது வீடு.

போன வாரம் ஒர்க்‌ஷாப்பில் தம்பி வழக்கம்போல பானெட்டைத் திறந்து, மக்கில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "தம்பி, அது வேணாம்" என்று டிக்கியிலிருந்து கூலன்ட் கேனையும் டிஸ்டில்டு வாட்டரையும் எடுத்துக் கொடுத்தேன். "எதுக்குண்ணா செலவு, நம்ம ஊரு வெயிலுக்கு இது போதுமே" என்றார். ரேடியேட்டரைக் காலி செய்து, கழுவி, பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.